மறுமொழி தருதலும் கடமையே

(சங்கத்தின் ஆண்டு விழாவில், வேலைவாய்ப்பு வழிகாட்டும் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இசையும் நடனமும் நாடகமும் நிறைந்த இவ்விழாவின் இடையே, பிழைப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தனர். விழா நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் இம்மும்பை மாநகருக்கு வந்தது பிழைப்பை நாடியே அன்றோ? கைக்குத் தொழில் கிடைத்து, தலைக்குக் கூரை கிடைத்த பின்னரே சங்கமும் மன்றமும் நூலகமும் தோன்றின. ஆதலின் இப்பேச்சு விழாவிற்குப் புறம்பானது அன்று.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே. 'மெடிக்கல் ரெப்' என்று வழங்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலையை நாடும் நம் காலனிப் பிள்ளைகள், ஆள் சேர்ப்போரிடம் படும் பாடே அது. குழுவினரிடம் வந்து மனம்விட்டுப் பேசிய இளைஞர்களின் குறைகளைக் கேட்டோம். ஆள் எடுக்கும் மேலாளர் சிலரிடமும் பேசினோம். இருபுறமும் கேட்டறிந்ததைத் தொகுத்துச் சொல்கிறோம். எந்த நிறுவனத்தையும் எந்த மனிதரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது எங்கள் நோக்கம் அன்று.

இத்தொழிலும் இந்நகரும்

இந்தியாவின் மருந்துத் தொழிலில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. சிப்லா நிறுவனம் 1935-இல் இங்கேதான் தோன்றியது. பிரின்சஸ் தெருவின் மொத்த மருந்துக் கடைகளை அறியாத பழைய மும்பைவாசி இல்லை. 1970-இல் இயற்றப்பெற்று 1972-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம் இத்தொழிலின் போக்கையே மாற்றியது. மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கே உரிமை என்று அச்சட்டம் வகுத்தது. அதனால் ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு முறையில் செய்து, வெவ்வேறு பெயரிட்டு விற்கலாயின. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் காப்புரிமைக் காலம் கடந்த மருந்துகள் பலப்பல பெயர்களில் விற்கும் நிலை தொடர்கிறது.

ஒரே மாத்திரைக்குப் பத்துப் பெயர் இருக்குமாயின், தம் பெயரையே மருத்துவர் எழுதவேண்டும் என்று பத்து நிறுவனத்தாரும் விரும்புவர். சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளைச் சோப்பையும் பற்பசையையும் போலப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய இயலாது. ஆகவே மருத்துவரை நேரில் கண்டு எடுத்துரைக்க ஆள் வேண்டும். அவ்வாறு பையைச் சுமந்து, கழுத்துப் பட்டையை இறுக்கி, காலையில் மருத்துவமனை வாயிலிலும், மாலையில் தொடங்கி இரவு பத்து மணி வரை தனியார் மருத்துவர் கூடங்களிலும் காத்து நிற்பவரே மருந்துப் பிரதிநிதி. கடைகளில் இருப்பைப் பார்த்தல், ஸ்டாக்கிஸ்டிடம் கணக்குக் கேட்டல், அன்றாட அறிக்கை அனுப்புதல், வெளியூர்ச் சுற்று, மாத இலக்கு என்று அவருடைய வேலை நீளும். இதனைத் தாங்காமல் விலகுவோர் பலர். எனவே இத்துறையில் இடம் காலியாவதும் ஆள் தேடுவதும் ஓய்வதே இல்லை.

அறிவியல் பட்டமோ மருந்தியல் படிப்போ பெற்று, மேற்படிப்பிற்கு வசதியின்றி இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது திறந்த வாயிலாகத் தோன்றுகிறது. பலருக்கு அவ்வாறே பயன்பட்டும் இருக்கிறது. இவ்வேலையில் தொடங்கிப் பெரும் பதவிக்கு உயர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். வாயில் திறந்திருந்தும், அதன்முன் நிற்கும் நாட்கள்தாம் கொடியவையாக இருக்கின்றன.

இளைஞர் கூறும் குறைகள்

முதற்குறை மௌனம். இளைஞர் ஒருவர் மூன்று கட்ட நேர்காணலுக்குச் சென்றார். முதலாவது தொலைபேசியில் நடந்தது. இரண்டாவது, மருத்துவமனை அருகே ஒரு தேநீர்க் கடையில், பகுதி மேலாளர் நின்றவாறே கேட்ட கேள்விகளோடு முடிந்தது. மூன்றாவது அந்தேரியில் உள்ள அலுவலகத்தில் நிகழ்ந்தது. "அடுத்த வாரம் கடிதம் வரும், ஆயத்தமாக இருங்கள்" என்றனர். அவர் அச்சொல்லை நம்பி, ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த சிறிய வேலையை ஏற்க மறுத்துவிட்டார். வாரம் மாதமாயிற்று. தொலைபேசியை எடுப்பார் இல்லை. அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு, படித்ததைக் காட்டும் நீலக் குறி மட்டும் தோன்றியது. வீட்டில் தந்தையார் மாலைதோறும் "ஏதேனும் தகவல் உண்டா?" என்று கேட்பார். சில நாட்களில் அவரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அவர் கேட்காமல் இருந்தது, கேட்டதைக் காட்டிலும் துன்பமாக இருந்தது என்று அந்த இளைஞர் எங்களிடம் சொன்னார்.

'இல்லை' என்ற சொல் கசப்பானதுதான். ஆயினும் அது மனிதனை விடுவிக்கிறது. அவன் அடுத்த கதவைத் தட்டலாம். விடையே இல்லாத நிலையோ அவனைக் கட்டிப்போடுகிறது. ஊருக்குச் செல்வதா, வேறு பயிற்சியில் சேர்வதா, கிடைத்த வேலையை ஏற்பதா என்று எதனையும் முடிவு செய்ய இயலாமல் மாதங்கள் கழிகின்றன.

இரண்டாவது குறை இடமாற்றம். விளம்பரத்தில் மும்பை என்று இருக்கும். நேர்காணலில் 'தாணே' என்பர். இறுதியில் நாந்தேடு அல்லது அகோலா என்று முடியும். வெளியூர் செல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நம் தந்தையர் ஆயிரம் கல் கடந்து வந்தவர்களே. ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால், நோயுற்ற தாயை விட்டுப் பிரிய இயலாதவர் பேருந்துச் செலவும் நாளும் வீணாக்கி அங்கே சென்றிருக்க மாட்டார்.

மூன்றாவது குறை ஊதியக் கணக்கு. ஆள் சேர்ப்போர் கூறுவது 'சி.டி.சி.' என்னும் தொகை. அது கைக்கு வரும் சம்பளம் அன்று, நிறுவனத்திற்கு ஆகும் மொத்தச் செலவு. கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். மாதம் 25,000 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அதில் அடிப்படை ஊதியம் 12,500 என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காடு 1,500 ரூபாயும் அந்த 25,000-இலேயே அடங்கியிருக்கும். ஊழியர் பங்காக இன்னொரு 1,500 பிடிக்கப்படும். பல ஆண்டு பணிக்குப் பின்பே கிடைக்கக்கூடிய பணிக்கொடைக்காக 600 ரூபாய் ஒதுக்குவர். இலக்கை எட்டினால் மட்டுமே வரும் ஊக்கத்தொகை 4,000 என்றும், பெட்ரோலுக்கும் பயணத்திற்கும் செலவாகிவிடும் படி 3,000 என்றும் அதிலேயே சேர்ப்போர் உண்டு. இவற்றை நீக்கினால் எஞ்சுவது 14,400 ரூபாய். 25,000 என்று வீட்டில் சொல்லி மகிழ்ந்த பிள்ளை, முதல் மாத முடிவில் தாயின் கையில் கொடுக்கக்கூடியது இதுதான். இக்கணக்கை நேர்காணலிலேயே விளக்கிச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நான்காவது, ஊதியமின்றி வேலை வாங்குதல். "உங்கள் பகுதியில் உள்ள மருத்துவர்களின் பட்டியலையும், அவர்கள் எந்தெந்த மருந்தை எழுதுகிறார்கள் என்பதையும் கடைகளில் விசாரித்து எழுதி வாருங்கள், உங்கள் திறமையைப் பார்ப்போம்" என்கின்றனர். இளைஞர் வெயிலில் அலைந்து எழுதிக் கொடுக்கிறார். பட்டியல் அங்கே தங்கிவிடுகிறது, அவர் திரும்பி வருகிறார். ஒரு நாள் சோதனை முறையே. நான்கு நாள் அலைச்சலோ வேலை, வேலைக்குக் கூலி உண்டு.

ஐந்தாவது, பெயரைப் பார்த்தே முடிவு செய்தல். தமிழ்ப் பெயரைக் கண்டவுடன், "நீங்கள் சென்னைக்குப் போய்விடுவீர்களே! மராத்தி மருத்துவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்கின்றனர். சயானிலும் செம்பூரிலும் பிறந்து, மராத்தியும் இந்தியும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் பிள்ளைகளிடம் இக்கேள்வி! பெண் பிள்ளைகளிடமோ திறமையைக் கேட்குமுன் திருமணம் எப்போது என்று கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் சினம் கொள்ளாது விடை கூறப் பழகுங்கள் என்றே எங்களால் சொல்ல முடிகிறது. மராத்தியில் கேட்குமுன்பே மராத்தியில் இரண்டு வாக்கியம் பேசிவிடுவது நல்ல விடை.

இறுதியாக, பணம் பறித்தல். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கணினிக்குக் காப்புத்தொகை என்று கேட்போர் இருக்கின்றனர். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அச்சிட்ட பொய்க் கடிதத்தை அனுப்பி, கைப்பேசி வழியே தொகையைப் பெற்று மறைவோரும் இருக்கின்றனர். இவர்கள் ஆள் சேர்ப்போர் அல்லர், திருடர். இவர்களிடம் பணம் இழந்தால் நாணி மறைக்காமல், உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மறுபுறம் கேட்டவை

இக்குறைகளைக் கேட்டுச் சினம் கொண்டு, ஆள் சேர்ப்போர் அனைவரும் தீயோர் என்று முடிவு கட்டுதல் முறையன்று. அவர்களுடைய நிலையையும் அறிதல் வேண்டும்.

'கன்சல்டன்சி' என்னும் இடைநிலையாளர் யாரிடம் கூலி பெறுகிறார்? நிறுவனத்திடமே. அதுவும் பெரும்பாலும் ஆள் சேர்ந்த பின்னரே பெறுகிறார். சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் விலகினால், வேறு ஆளை இலவசமாகத் தரவேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பதுண்டு. ஆகவே பத்துப் பேரை அனுப்பினால்தான் ஒருவரேனும் தேறுவர் என்பது அவர் கணக்கு. எஞ்சிய ஒன்பது பேருக்கு விடை கூறுவதற்கு அவருக்கு எவரும் கூலி தருவதில்லை. அவர் உங்கள் நண்பரும் அல்லர், பகைவரும் அல்லர். அவர் பிறருடைய முகவர். இவ்வொன்றை உணர்ந்தால் ஏமாற்றத்தில் பாதி குறையும்.

பகுதி மேலாளரின் துன்பம் வேறு வகை. ஒரு பகுதியில் பிரதிநிதி இல்லாவிடினும் அப்பகுதியின் விற்பனை இலக்கு அவர் தலையில்தான் விழும். ஆள் வேண்டும் என்ற அவசரத்தில், மேலிடத்தின் ஒப்புதல் வருமுன்பே "உமக்கு வேலை உறுதி" என்று வாயால் சொல்லிவிடுகிறார். மேலிடம் அந்த இடத்தையே நிறுத்தி வைத்தால், முகத்தில் விழிக்க நாணித் தொலைபேசியை எடுக்காமல் விடுகிறார்.

இளைஞர் பக்கத்திலும் குறை உண்டு என்று அவர்கள் கூறுகின்றனர். ஒரு நிறுவனம் தந்த கடிதத்தைக் காட்டி, இருக்கும் இடத்தில் சம்பளத்தை உயர்த்திக்கொள்வோர் உண்டு. சேரும் நாளன்று சொல்லாமல் நின்றுவிடுவோர் உண்டு. செய்யாத வேலைக்கு அனுபவச் சான்று காட்டுவோரும் உண்டு. மௌனம் இருபுறமும் தவறே. பிறர் விடை தரவேண்டும் என்று கேட்கும் நாமும் விடை தரக் கடமைப்பட்டவர்கள்.

சட்டம் தரும் துணை

மருந்துப் பிரதிநிதிகள் தங்களுக்கென்று ஒரு சட்டம் பெற நெடுங்காலம் போராடினர். 1963-இல் அவர்களுடைய அகில இந்தியச் சம்மேளனம் தோன்றியது. மாநிலங்களவையின் மனுக் குழு 1972-இல் அவர்களுக்காகப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் பணிநிலைமைச் சட்டம் வந்தது. வேலையில் அமர்த்தும்போது உரிய படிவத்தில் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. நாடாளுமன்றம் 2019, 2020 ஆண்டுகளில் நிறைவேற்றிய தொழிற்சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் அடங்கிவிட்டது. புதிய தொகுப்பும் ஊழியர்க்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்குகிறது. விற்பனை மேம்பாட்டு ஊழியரைத் தொழிலாளர் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. வேலையை விட்டு விலகியவர்க்கு வரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்பதும் அத்தொகுப்புகளுள் ஒன்றின் விதி.

மருந்து விற்பனை நெறிமுறைக்கான ஒரே சீரான விதித்தொகுப்பை 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது. மருத்துவர்க்குத் தனிப்பட்ட பரிசு தருவதை அது விலக்குகிறது. மருத்துவரைக் காண்பதற்காகப் பணம் தருவதையும் விலக்குகிறது. பிரதிநிதியின் செயலுக்கு நிறுவனமே பொறுப்பு என்கிறது. "எப்படியாவது விற்பனையைக் கொண்டு வா" என்று நேர்காணலிலேயே சொல்லும் இடத்தில், அந்த 'எப்படியாவது' என்ற சொல்லின் பொருளைக் கேட்டுத் தெளிவது இளைஞரின் உரிமை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இச்சட்டங்கள் பெரும்பாலும் ஒருவர் வேலையில் அமர்ந்த பின்னரே அவருக்குத் துணை நிற்கின்றன. வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கு மறுமொழி தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த இடத்தில் மனிதப் பண்பைத் தவிர வேறு காப்பு இல்லை. திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை ஆள் தேர்தலைப் பற்றியே அமைத்தார். ஆளைத் தேர்ந்தெடுத்தல் அவ்வளவு பொறுப்பு வாய்ந்த செயல் என்பதே அதன் கருத்து.

செய்யத்தக்கவை

இளைஞர்களுக்குச் சில சொற்கள். எவருக்கும் வேலைக்காகப் பணம் தராதீர்கள். மூலச் சான்றிதழை ஒப்படைக்காதீர்கள், நகலைத் தாருங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கையிலுள்ள வேலையை விடாதீர்கள். தலைமையிடம் எது, கைக்கு வரும் தொகை எவ்வளவு, இலக்கு எவ்வளவு, இவ்விடம் ஏன் காலியாயிற்று என்னும் நான்கு கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். நேர்காணல் முடிந்த அன்றே, பேசியவற்றைச் சுருக்கமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பத்து நாள் காத்திருந்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதன் பிறகும் விடை இல்லையேல், 'இல்லை' என்றே கொண்டு அடுத்த வாயிலை நாடுங்கள். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். அங்கும் பதிந்து வையுங்கள்.

பெற்றோர்களே! விடை வராமை உங்கள் பிள்ளையின் குற்றம் அன்று. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். வேலை கிடைத்ததா என்று கேட்பதற்குப் பதிலாக, இன்று எங்கே சென்றாய், என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு, அது அவர்கள் கையில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு அவர்களால் தலை நிமிர்ந்து விடை கூற இயலும்.

இனி, இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மேலாளர்களிடமும் நிறுவன அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். மேசையின் மறுபுறத்தில் அமர்ந்து ஆள் எடுப்போர் நம்முள்ளும் உள்ளனர். எங்கள் பிள்ளைக்கு வேலை தாருங்கள் என்று இங்கே கேட்கவில்லை. தமிழர் என்பதற்காகத் தகுதியில்லாதவரை எடுங்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் முன் வந்து அமர்ந்த ஒவ்வொருவருக்கும், அவர் எம்மொழியினர் ஆயினும், ஏழு நாட்களுக்குள் ஒரு வரி விடை எழுதுங்கள் என்றே கேட்கிறோம். 'தேர்வு பெறவில்லை, வாழ்த்துகள்' என்று எழுத அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் ஒரு குடும்பத்தின் ஒரு மாதத்தைக் காப்பாற்றும்.

சங்கத்தின் சார்பில் எங்கள் குழு ஒரு குறிப்பேடு வைக்க எண்ணியிருக்கிறது. நேர்காணலுக்குச் சென்று வந்தவர்கள், அங்கே கேட்ட கேள்விகளையும், சொன்ன இடம், சொன்ன ஊதியம், பின்னர் நடந்தது ஆகியவற்றையும் அதில் எழுதலாம். பழி தூற்றுவதற்காக அன்று, அடுத்துச் செல்பவர் அறிந்து செல்வதற்காக. இத்துறையில் பழுத்த அனுபவம் உடைய பெரியோர் இருவர், ஞாயிறுதோறும் மாலையில் நூலகத்தில் அமர்ந்து இளைஞர்களுக்கு நேர்காணல் பயிற்சி அளிக்க இசைந்துள்ளனர். மருத்துவரிடம் மருந்தை எடுத்துரைக்கும் முறையை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அவர்கள் கற்பிப்பார்கள். விடை வராமல் வாடியிருக்கும் பிள்ளைகள் வீட்டிற்குள் முடங்காமல் அங்கே வரட்டும். தம்மைப் போலவே காத்திருக்கும் பிறரையும் அங்கே காணலாம்.

முன்னாட்களில் ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், உறவினர் கொடுத்த கடிதத்தோடு மாட்டுங்காவில் இறங்கினால், அக்கடிதத்தைப் பெற்றவர் முதலில் உணவளிப்பார். பின்னர் வேலை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லுவார். இரண்டில் எதுவாயினும் சொல்லாமல் அனுப்பியதில்லை என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். அப்பழக்கத்தைக் காக்க நம்மால் இயலும். வரும் திங்கட்கிழமை அலுவலகம் சென்றவுடன், விடை எழுதாமல் கிடக்கும் விண்ணப்பங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.